மெதுவாக நடப்பவர் முன்னால்

ஜனவரி 9, வியாழன்

சாயா ஆறிக் கிடக்கிறது. குடிக்கத் தோன்றவில்லை.

அந்தமான் பக்கம் ஆளில்லாத தீவில், பெண்கள் மட்டும் மூட்டை சுமந்து காடு நடக்கும் பயணங்களை ஸாதனா நடத்துகிறாள். இதுவரை அவளுக்குத் துணையாகப் போனேன். மார்ச்சிலிருந்து ஒரு குழு முழுக்க என் பொறுப்பு என்கிறாள். வீட்டில் சொன்னால் என் கணவர் சுதர்ஷன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எங்கக்கா ஒரு தடவ ஒங்கூட வந்து பாக்கட்டும். அவ சரின்னா போ."

பாக்கியம் மதினி! "பொம்பளைங்கள காட்டுல கொண்டுபோய்ப் படுக்க வைக்கா" என்று கொச்சியில் எங்கள் கொச்சங்காடி முழுக்கச் சொல்லித் திரிகிறவள். அவளிடம் நான் சர்டிபிகேட் வாங்க வேண்டுமாம். வாங்கத்தான் வேண்டும். நான் போகும் நாட்களில் என் மகள் அம்மு அவள் வீட்டில்தானே இருந்தாக வேண்டும்?

பிப்ரவரி 2

மதினியின் மூட்டையில் தலையணை, குடை, ஒரு டப்பா முறுக்கு. எடுத்து வெளியே வைத்தேன். "ஒந்தலையிலயா சொமக்கப் போறேன்?" என்று திரும்ப உள்ளே வைத்தாள். சுமக்கட்டும்.

பிப்ரவரி 4, தீவு

எங்கள் நடையில் ஒரு வழக்கம். குழுவில் யார் மிக மெதுவோ அவர்தான் முன்னால். மற்றவர்கள் அவரை முந்தக்கூடாது. அப்போதுதான் காட்டில் யாரும் பின்தங்க மாட்டார்கள். ஸாதனா காரணம் சொல்வதில்லை. "சேச்சி, நீங்க முன்னாடி நடங்க," அவ்வளவுதான்.

மதினி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்! துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு என்ன ஒரு நடை. "ஏட்டி கற்பகம், பாத்து வா, வேர் கெடக்கு." எனக்கு வழி காட்டுகிறாள். கடைசி ஆளாக நடந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இப்போது சொல்ல மாட்டேன். ஊரில், சொந்தக்காரர் எல்லார் முன்னாலும் வைத்துச் சொல்வேன்.

பிப்ரவரி 5

மணல் ஈ. மதினி. எது அதிகம் கடிக்கிறது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 6

அவள் ஊர்ந்த ஊர்தலில், கடக்க வேண்டிய ஓடைக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடல் ஏறி அது நிறைந்துவிட்டது. முதலைத் தண்ணீர், இறங்க முடியாது. இக்கரையிலேயே கூடாரம். எனக்கு வெறி தலைக்கேறியது. கொட்டிவிட்டேன். "பெருமைக்காக உங்கள முன்னாடி விடல மதினி. உங்கள மாதிரி மெதுவா நடக்க இங்க ஆளில்ல. அதுக்குத்தான்."

ஸாதனா என்னைப் பார்த்த பார்வை — குழு நடத்துகிறவள் பேசுகிற பேச்சா இது?

மதினி முறுக்கைக் கடித்து முடித்தாள். "மொத நாளே தெரியும்ட்டி. நான் என்ன புத்தி கெட்டவளா? எங்க வீட்டுக்காரரு கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு முன்னாடிதான் நடக்காரு. ஒரு நாள் திரும்பிப் பாத்ததில்ல. நான் லாரில அடிபட்டுக் கெடந்தாலும் வீட்டுக்குப் போனப்புறந்தான் அவருக்குத் தெரியும். இங்க ஒருத்திகூட என்னைய முந்தல."

அவளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். உடனே, கஞ்சியில் உப்பில்லை என்றாள். வந்த இரக்கமும் போயிற்று.

பிப்ரவரி 10, மட்டாஞ்சேரி

"எப்படிக்கா இருந்துச்சு?" என்று சுதர்ஷன் கேட்டதற்கு மதினி, "சோறு வாயில வைக்க வெளங்கல. ஒம்பொண்டாட்டிக்கு வாய் சாஸ்தி," என்றாள். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. எழுந்து போய்விட்டாள். படுபாவி.

மார்ச் 2, ஞாயிறு

களமசேரியில் கல்யாணம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மதினி வீட்டுக்காரர் தங்கதுரை அண்ணன் வழக்கம்போல விறுவிறுவென்று போனார். கூடவே சுதர்ஷன். மதினி பஸ் ஸ்டாப்பிலேயே நின்றாள். அசையவில்லை. நானும் அம்முவும் பக்கத்தில் நின்றோம். வளைவில்தான் அண்ணனுக்கு உறைத்திருக்கிறது. "என்னட்டி, கால் வலியா?" என்று கத்தினார். வேர்த்து வடிய அவர் திரும்பி வரும்வரை நின்றுவிட்டு, "மெதுவா நடக்கவங்கதான் முன்னாடி. பின்னால வாங்க," என்று நடக்கத் தொடங்கினாள்.

பாதி வழியில், திரும்பாமலே, "ஏட்டி, ஒங்குழு என்னைக்குக் கெளம்புது? அம்முவ அன்னைக்கே நம்ம வீட்ல விட்ரு. உப்பக் கொண்டு போ, மறக்காத."

சுதர்ஷனும் அக்காவை முந்தவில்லை. கடைசி ஆளாக நான் நடந்தேன். மண்டபம் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.