நம்ம ஆளுங்க மட்டும் போகும் உலகக் கண்காட்சி

காலையில் கூரியரில் ஒரு பை வந்தது. நீல நிறம், மேலே நம் பம்பு உற்பத்தியாளர் குழுவின் பெயர். உள்ளே ஒரு தொப்பி, கழுத்தில் மாட்டும் அட்டை, பயணச் சாப்பாட்டை ருசி பார்ப்பதற்கென்று ஒரு பாக்கெட் பருப்புப் பொடி. நான் வரவில்லை என்று போன வாரமே சொல்லிவிட்டேன். கோபம் ஆறினால் வந்துவிடுவேன் என்று நினைத்து அனுப்பியிருக்கிறார்கள் போல. பாக்கெட்டைப் பிரித்ததும் பூண்டும் பெருங்காயமும் குப்பென்று அடித்தன. நீ எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாயே, அதே வாசனைதான். இன்று எனக்குக் குமட்டியது.

ஜப்பானில் உலகத்து நாடுகளெல்லாம் ஒரே இடத்தில் அரங்கு போட்டுக் காத்திருக்கின்றன. அங்கே போவதற்கு நம்மவர்கள் முதலில் ஏற்பாடு செய்தது ஒரு சமையல்காரரை. அத்தனை தூரம் பறந்து போய், வேறு யார் கை பட்ட சோற்றையும் தின்றுவிடாமல் திரும்பி வருவதற்குப் பெயர் உலகக் கண்காட்சியாம். அதிலும் கண்காட்சிக்கு ஒரே ஒரு முற்பகல்தான். மீதியெல்லாம் கடைத்தெரு.

ஒசாகாவில் மரத்தாலேயே பிரம்மாண்டமான வளையம் ஒன்று கட்டுகிறார்கள் என்று முதலில் வீடியோ காட்டியவன் நீதான். உக்கடத்தில் உன் பட்டறையில் நின்றுகொண்டு பார்த்தோம். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன் பம்பின் வடிவத்தை மரத்தில் செதுக்கித் தருவது உன் தொழில். அதை வைத்து வார்த்த இரும்பை வாங்கிப் பம்பு செய்வது என் தொழில். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் தொடங்கிய சிநேகம் அப்படியே தொழிலுக்குள்ளும் வந்துவிட்டது. வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, தூணும் உத்தரமும் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இதப் போய்க் கையால தொட்டுப் பாத்துபோட்டு வரோணும்டா. நீ வரலீன்னாலும் நான் போறேன்" என்றாய். நான் இல்லாமல் போயிருக்கமாட்டாய் என்பது வேறு விஷயம்.

போன தீபாவளி முடிந்ததும் பயண ஏற்பாட்டுக் கூட்டம் நடந்தது. குழுத் தலைவர் உன் பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்துப் பேசினார்.

"ஏனுங்க பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் ரெண்டு ரெண்டு பேராத் தங்கறாங்க. உங்களுக்கு மட்டும் தனி ரூம் போட்டுபோட்டோமுங்க. உங்களுக்கும் சௌகரியமா இருக்குமில்லீங்க."

என்னோடு தங்கட்டும் என்றேன். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம். நீங்க நம்ம ஆளுங்க கூட இருங்க" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் உன்னிடம் வேலை வாங்கியவர்கள்.

வரும் வழியில் காரில் நீயும் சிரித்தாய். தனி அறையென்றால் குறட்டைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாய். உக்கடத்தில் இறங்கும்போதுதான் அதைச் சொன்னாய்: "வைஞ்சிருந்தா நானும் திருப்பி வைஞ்சிருப்பேன்டா. இத்தன மரியாதையாப் பேசறவங்ககிட்ட எப்படிச் சண்டைக்குப் போறது?" கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாய்.

மாசியில் நீ போய்விட்டாய். பட்டறையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. மாலையோடு எல்லாரும் வந்தார்கள். பிறகு உன் மகள் என்னைத் தேடி வந்தாள். சரவணம்பட்டியில் வேலைக்குப் போகிறாளே, அந்த அலுவலகத்தில் விடுப்புகூட வாங்கிவிட்டாள். "மாமா, அத்தா எடத்துல நான் வாரேன். அவரு பாக்கணும்னதை நானாவது பாக்கறேன்" என்றாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

தலைவரின் மகளும் பயணத்துக்கு வருகிறாள். உன் மகள் வயதுதான். அறைத் துணைக்குப் பெண் கிடைக்கவில்லை என்று அவரே குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் இரண்டு பேரையும் ஒரே அறையில் போடலாமா என்று அவரிடம் போனில் கேட்டேன்.

"எம் பொண்ணு கூடங்களா? அந்தப் புள்ளைக்குச் சாப்பாடெல்லாம் வேற மாதிரி இருக்குமேங்க. சரிங்க, பாத்துக்கலாமுங்க."

பாத்துக்கலாமுங்க என்றால் முடியாது என்று பொருள். நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அதோடு போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, உனக்கு ஒரு அஞ்சலி பேனர் அடிப்பதாகவும், கண்காட்சி வாசலில் அதை விரித்துப் பிடித்து எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்:

"ஏனுங்க, பாயோட பேரு என்னங்க?"

அவர் கம்பெனியிலிருந்து லாரி ஏறும் பம்புகளில் பாதிக்கு மேல் நீ செதுக்கிய அச்சில் பிறந்தவை. இத்தனை வருடம் உன் பட்டறையில் டீ வாங்கிக் குடித்த மனிதர். உன் பெயர் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை, பேனரில் போடும்வரை. உன் மகளுக்கு இடம் இல்லை, உன் படத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது. சீ என்று வந்தது எனக்கு. பெயரைச் சொல்லவில்லை. "நானும் வரலீங்க" என்றேன்.

"அட, நீங்க எதுக்குங்க கோவிச்சுக்கறீங்க? நீங்க நம்ம ஆளாச்சுங்களே" என்றார். இதைவிடக் கேவலமாக என்னை யாரும் திட்டியதில்லை.

என் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். வெளிநாடு என்றாலே முகம் சுளிப்பவள், பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று பீரோவைக் குடைய ஆரம்பித்துவிட்டாள். "அந்தப் புள்ளய நாம கூட்டீட்டுப் போலாமுங்க. அவளும் நானும் ஒரு ரூம்புல இருந்துக்கறோம். நீங்க தனியாக் கெடங்க" என்றாள். நேற்று மூன்று பேருமாகக் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸுக்குப் போனோம். கண்காட்சிக்கே நான்கு நாள் ஒதுக்கச் சொல்லிவிட்டாள் உன் மகள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் மூன்று பாஸ்போர்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர்களைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க, மூணு பேரும் ஒரே குடும்பமுங்களா?" என்று, மரியாதையாகத்தான், கேட்டார். தலைவர் பேசிய அதே மரியாதை. என்ன சொல்வதென்று நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க."

இந்த அருவருப்பு என்னைவிட்டுப் போகாது. விமானம் ஏறினாலும் கூடவே வரும். அவள் சொன்ன அந்த ஒரு சொல்லையும் கொண்டுபோகிறேன்.