ஆயர் பீடத்துக்கு ஒரு பிள்ளை

ஆதார் மாதம் 14

இன்றும் பயறு. பெருநோன்பு நடப்பதால் வீட்டில் எல்லோருக்குமே பயறுதான், அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் அவர்களுக்கு உயிர்ப்புத் திருநாளோடு முடிந்துவிடும். எனக்கு முடியாது. வயிற்றில் இருப்பது வெளியே வரும்வரை நான் இறைச்சிப் பக்கமே போகக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு.

அத்தை மட்டுமா, இந்த ஜீலு மலை முழுக்க அதைத்தான் சொல்கிறது. ஆயர் பீடம் இந்த வீட்டுக்கு உரியது. பெரியப்பாவுக்குப் பிறகு தம்பி மகன். அவன் கல்யாணம் செய்யக் கூடாது, இறைச்சி தின்னக் கூடாது. அவனைச் சுமக்கிறவளும் தின்றிருக்கக் கூடாது. இப்போது ஆயராக இருப்பவர் என் கணவர் லாஸரின் அண்ணன் மார் சப்ரீஷோ. அவருக்கு அடுத்தவன் என் வயிற்றில்தான் உதைக்கிறான் என்று ஆளாளுக்கு முடிவு கட்டிவிட்டார்கள். பெண்ணாக இருந்தால் என்ன செய்வார்களாம்? கேட்டேன். அத்தை காதில் வாங்கவேயில்லை.

நான் பக்கத்து மலையிலிருந்து வந்த தக்குமாக்காரி. எங்கள் வீட்டில் விருந்தென்றால் ஆட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். ஆனாலும் ஒரு கை பார்த்துவிடுகிறேன். ஆயரைப் பெற்றவள் என்று பெயர் வரும் என்றால் பயறு என்ன, புல்லைக்கூடத் தின்பேன். அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது எங்கள் ஊரே சிரித்தது. அதே ஊர் வந்து என் பிள்ளையின் கையை முத்தமிடட்டும்.

நீசான் 6

திருநாள் முடிந்தது. இரண்டு நாளாக வீடெல்லாம் ஆட்டுக்கறி வாசனை. நான் ரொட்டியும் பாலாடையும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். எஸ்லி வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எலும்பை உறிஞ்சினாள். லாஸரின் தம்பி தல்யாவின் மனைவி அவள். மூன்று பெண்களைப் பெற்றவள்.

"உங்களுக்கு மோட்சம் அக்கா. எங்களுக்குக் குழம்பு, அவ்வளவுதான்."

"தின்னுடி, நல்லாத் தின்னு. நாளைக்கு என் பிள்ளை ஆசீர்வாதம் குடுக்கறப்ப வரிசையில கடைசியா நில்லு."

அத்தைக்கு என் பதில் பிடித்துவிட்டது. தன் கையாலேயே என் ரொட்டியில் வாதுமையை நொறுக்கிப் போட்டாள். "சப்ரீஷோவைச் சுமந்தப்ப பனி ஊரையே மூடிடுச்சு. எல்லாரும் உப்புக்கண்டம் தின்னாங்க. நான் காஞ்ச முசுக்கட்டைப் பழத்தைத் தின்னே பெத்தேன். ஒரு நாள் மயக்கம் போட்டுக்கூட விழுந்தேன். வாயைத் திறக்கல" என்றாள். சொல்லும்போது பட்டத்து ராணி மாதிரி இருந்தாள். அவளை எனக்குப் பிடிக்கும், அதை மறைக்க என்ன இருக்கிறது.

ஈயார் 21

மந்தைகளோடு மேய்ச்சல் மேட்டுக்கு வந்துவிட்டோம். கூடாரம் அடித்து முடிப்பதற்குள் சண்டை. எந்தப் புல் எந்த வீட்டுக்கு என்று இரண்டு வீட்டார் பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு படுத்துவிட்டார்கள். ஆயர் தன் கோவேறு கழுதையை நடுவில் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "சுடறதுன்னா முதல்ல கழுதையைச் சுடுங்கடா. அதுதான் உங்களைவிட நிறைய மேயுது" என்றாராம். மதியத்துக்குள் சமாதானம். இப்படிப்பட்ட மனிதரின் இடத்தில் என் பிள்ளை உட்காரப் போகிறான் என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

மாலையில் முரசும் குழலும் வந்தன. கை கோத்து எல்லோரும் ஆடினார்கள். ஆயர் ஆடக் கூடாது, கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். நானும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆட முடியாமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கிக்கு அடியில் அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, ஒரு அடி தவறாமல். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஈயார் 28

லாஸர் மலையாடு ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தவர், ஏதோ ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதும் சொன்னார்.

"எனக்கு அஞ்சு வயசு இருக்கும். அண்ணனுக்கு ஏழு. கறி தின்னுட்டு கொழுப்பு ஒட்டின கையோட அவன்கூட விளையாடப் போனேன். திடீர்னு என் விரலைப் புடிச்சு நக்கிட்டான். அம்மா பார்த்துட்டா. வெளிய இழுத்துட்டுப் போயி வாய் நிறைய பனியைத் திணிச்சா. அவன் உதடெல்லாம் நீலமாயிடுச்சு. அழுதது அவன் இல்ல, நான்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. விழுங்கலைன்னு அம்மா சத்தியம் பண்ணா. பீடம் தப்பிச்சுது."

தூக்கம் வரவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன். பனியைத் திணிக்க என் கைக்கு வருமா? வராது. நிச்சயமாக வராது. அப்படியென்றால் வேறொருத்தி கை திணிக்கும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன் — அதற்குத்தான் இந்தப் பயறா?

ஹசிரான் 4

ஆயருக்குத் தயிர் கொண்டுபோனேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"அபூனா, ஆயரா இருக்கியான்னு உங்களை யாராவது கேட்டாங்களா?"

சிரித்தார். "கேட்டாங்களே. அப்ப நான் வயித்துக்குள்ள இருந்தேன். பதில் சொல்லலை. சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. அவரும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். தயிரைக் கலக்கிக்கொண்டே, "இந்த வேலை எனக்குப் பிடிக்கும் ஷக்ரி. பொய் சொல்லலை. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கறேன்" என்றார். பிறகு, "நினைக்கத்தான் முடியும்" என்றார்.

ஹசிரான் 5

சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்களாம்!

ஹசிரான் 20

முடிவு எடுத்துவிட்டேன். எடுத்ததும் நன்றாகப் பசித்தது. லாஸரிடம் சொன்னேன். என் பிள்ளை பீடத்தில் உட்காரட்டும், உட்காராமல் போகட்டும், ஆடு மேய்க்கட்டும், ஆனால் வாய் பேசத் தெரிந்தபிறகு அவனே சொல்லட்டும். அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. நான் கறி தின்ன வேண்டும்.

முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. "எத்தனை தலைமுறையா வர்றது தெரியுமா? லாஸர் பொண்டாட்டியால அறுந்துச்சுன்னு மலை பூரா சொல்லும்."

"சொல்லட்டுமே. லாஸர் பேரும் மலை பூரா தெரியும்ல."

"விளையாடாதடி. சரி… யாருக்கும் தெரியாம ஒரு துண்டு தின்னுட்டு விட்டுடேன்."

பாவம், பயத்திலும் எனக்குச் சாதகமாகத்தான் யோசிக்கிறார். ஆனால் ஒளிந்து தின்றால் அது நடக்காததற்குச் சமம். அத்தை சுவிசேஷத்தின் மேல் கை வைத்து 'தின்னவே இல்லை' என்பாள். ஊர் அவளைத்தான் நம்பும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தின்றால் ஜீலு முழுக்கப் பார்க்கத் தின்ன வேண்டும். மார் தோமா திருவிழா வருகிறது, கோயில் முற்றத்தில் எல்லோரும் இருப்பார்கள். லாஸர் ஆட்டைப் பார்க்கப் போகிறேன் என்று இல்லாத ஆட்டைத் தேடிப் போனார்.

தம்மூஸ் 3

வந்ததும் முதல் வேலையாக இதை எழுதியே தீர வேண்டும்.

மேட்டிலிருந்து எல்லோரும் கோயிலுக்கு இறங்கி வந்தோம், பூசை முடிந்தது. முற்றத்தில் பெரிய செப்பு அண்டாவில் நேர்ச்சை ஆடுகள் கோதுமையோடு வெந்துகொண்டிருந்தன. குலத்தலைவர் மாலிக் ஹோர்மிஸ் முதல் பங்கு வாங்கினார். பிறகு ஆண்கள், பிறகு பெண்கள். என் முறை வந்ததும் வழக்கம்போல எனக்கென்று தனியாக வைத்திருந்த பயற்றுச் சட்டியை எஸ்லி நீட்டினாள். நான் அதைத் தாண்டிப் போய் அண்டா முன்னால் ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

பரிமாறிக்கொண்டிருந்த கோயில் உதவியாளர் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். பின்னால் இருந்தவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

"ஷக்ரி." அத்தையின் குரல். "ரொட்டியை மடக்கிட்டு வந்துடு. யாரும் ஒண்ணும் பாக்கலை."

"பாக்கணும்னுதான் அத்தை நிக்கறேன்."

அப்பாடா, சொல்லிவிட்டேன்! "என் வயித்துல இருக்கறது உங்க எல்லாருக்கும் பேரன்தான். பேத்தியாவும் இருக்கலாம். ஆனா அது இன்னும் யாருக்கும் வாக்கு குடுக்கலை. அதுக்காக நானும் குடுக்க மாட்டேன். போடுங்க." உதவியாளர் அசையவில்லை. கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு இரண்டடி நகர்ந்தார். யாரோ தக்குமாக்காரியைக் கட்டினால் இப்படித்தான் என்றார்கள். பின்னால் காலடி கேட்டது. லாஸர். தன் வெறும் ரொட்டியையும் ஏந்திக்கொண்டு எனக்கு அடுத்து வரிசையில் நின்றார். என் வாழ்நாளில் அந்த மனிதரை அவ்வளவு நேசித்ததில்லை.

அப்போதுதான் ஆயர் கோயில் படியிலிருந்து இறங்கி வந்தார். கூட்டம் விலகியது. என்னைத் திட்டப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். அவர் என்னைத் தாண்டி அண்டாவுக்குப் போனார். கரண்டியை எடுத்தார். ஆவி முகத்தில் அடித்ததும் கண்ணைச் சுருக்கினார். உள்ளே விட்டு ஒரு துண்டைத் தூக்கினார், போட்டார், இன்னொன்றைத் தூக்கினார். பிறகு திரும்பி, நிஜமாகவே தெரியாதவராக, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இதுல எது நல்ல துண்டு? எனக்குத் தெரியாதே."

நாற்பது வயது மனிதர், இத்தனை வருடம் இந்த அண்டாவை ஆசீர்வதித்தவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் மாலிக் ஹோர்மிஸ் தொண்டையைச் செருமினார். "தோள்பட்டை, அபூனா. இடது பக்கம் மேல கிடக்கு பாருங்க."

ஆயர் அதைத் தேடி எடுத்து என் ரொட்டியில் வைத்தார். லாஸருக்கும் ஒன்று வைத்தார்.

"அப்ப பீடம், அபூனா?" என்றார் மாலிக்.

"நான் இன்னும் சாகலையே மாலிக். என்ன அவசரம்?"

முதலில் மாலிக் சிரித்தார். பிறகு முற்றம் முழுக்கச் சிரிப்பு. நான் அங்கேயே நின்று, எல்லோர் கண் முன்னாலும் தின்றேன். தலையைத் திருப்பிப் பார்த்தபோது அத்தை உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

தம்மூஸ் 4

தோள்பட்டை நன்றாக வெந்திருந்தது. இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும்.

தம்மூஸ் 12

அத்தை இத்தனை நாளாக என்னோடு பேசவில்லை. இன்று நான் வெண்ணெய் கடையும்போது வந்து எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன்.

"நானும் அவன் நல்லதுக்குத்தான் தின்னாம இருந்தேன். அப்ப நான் பண்ணது தப்பா?"

இதற்கு நான் தயாராக இல்லை. "தப்புன்னு நான் சொல்லலை அத்தை. என்னால முடியாது, அவ்வளவுதான்" என்றேன்.

"எது நல்ல துண்டுன்னு கேட்டான்டி." அவள் உதடு துடித்தது. "எல்லாருக்கும் முன்னால. எம்புள்ள." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் மத்தைப் போட்டுவிட்டுப் போய்க் கட்டிக்கொண்டேன். தள்ளிவிடவில்லை. வயிறு நடுவில் இடித்தது.

ஆப் 2

ஆண் பிள்ளை! உள்ளங்கை அகலத் தலை, தக்குமாக் குரல். வழக்கப்படி பிள்ளைக்கு உப்புத் தேய்த்துக் குளிப்பாட்ட யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் உப்புக் கிண்ணத்தோடு வந்தாள். பெயர் யோனான்.

கானூன் 17

எஸ்லி முழுகாமல் இருக்கிறாள். தானாகவே கறிச்சட்டியைத் தள்ளிவைத்துவிட்டாள். பீடத்துக்கு இனி தன் பிள்ளை என்று நடையே மாறிவிட்டது. நேற்று ரொட்டி சுடும்போது பேசிப் பார்த்தேன்.

"உங்களுக்கு வேண்டாம்னு கொட்டினதை நான் பொறுக்கிக்கறேன். அதுல உங்களுக்கு என்ன வலி அக்கா? மூணும் பொண்ணுன்னு இத்தனை வருஷம் ஏச்சுக் கேட்டேனே, அப்ப யாரு வந்தீங்க?"

நியாயம்தான். என் வயிற்றுக்குத்தான் நான் பேச முடியும். "உன் இஷ்டம்டி. ஆனா அவன் பேச ஆரம்பிச்சதும் பெரியம்மா நேரா அவன்கிட்டயே போய்க் கேப்பேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். "கேளுங்க, கேளுங்க. என் பிள்ளை சரியாத்தான் சொல்வான்" என்றாள். பார்ப்போம்.

ஷ்வாத் 10

பெருநோன்புக்கு முந்தைய கடைசி ஆடு. வெளியே கூரை உயரத்துக்குப் பனி, கதவைத் திறக்க முடியவில்லை. எல்லோரும் அடுப்பைச் சுற்றி. எஸ்லி தலையை நிமிர்த்திக்கொண்டு ஓரமாகப் பயறு தின்றாள்.

யோனானுக்குப் பல் வருகிறது, எதைக் கண்டாலும் கடிக்கிறான். லாஸர் ஒரு விலா எலும்பை அவன் கையில் கொடுத்துவிட்டார். அவன் இருந்தது ஆயர் மடியில். அரை நாழிகையில் அங்கி முழுக்கக் கொழுப்பு, தாடியிலும் இரண்டு கை வைத்துவிட்டான். நான் எழுந்தேன். "இருக்கட்டும், இருக்கட்டும். வேலையா இருக்கான்" என்றார் ஆயர்.

எலும்பு வழுக்கி அவர் மடியில் விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதான். ஆயர் அதைத் தொடாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார். நான் போவதற்குள் அத்தை எட்டிவிட்டாள். எலும்பை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்தாள். கையில் வைத்துக்கொண்டு மூத்த மகனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேரனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எலும்பை வைத்து மூடினாள்.