‘ஏன் ஒன்று?’ என்பதற்குப் பதில் சொல்லாத உங்களுக்கு

நேற்றுக் காலை பம்மலில் ஷேர் ஆட்டோ நின்றபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர். புதிதாக அச்சடித்த வாடை ஆட்டோவுக்குள்ளும் வந்தது. படத்தில் நீலச் சட்டையும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கீழே ‘கணக்கை இனிக்க வைத்த எங்கள் ஆசான்’ என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள், நல்ல மனுசன் போல கீது, பாவம் என்றார். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் உங்களிடம்தான் சார்.

எட்டாம் வகுப்பு, குரோம்பேட்டைப் பள்ளி. கரும்பலகையில் இரண்டு என்று எழுதி, அதன் தலைமேல் சின்னதாகப் பூஜ்ஜியம் போட்டு, விடை ஒன்று என்றீர்கள். நான் எழுந்தேன். இரண்டின் அடுக்கு மூன்று என்றால் இரண்டை மூன்று தடவை பெருக்குகிறோம். ஒரு தடவைகூடப் பெருக்காவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லையே, பூஜ்ஜியம்தானே வர வேண்டும் என்று கேட்டேன். குறும்புக்காகக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“அது ரூல். எழுதிக்க” என்றீர்கள்.

எழுதிக்கொண்டேன். அடுத்து நீங்கள் இரண்டின் தலைமேல் மைனஸ் மூன்று போட்டபோது என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மைனஸ் மூன்று தடவை எப்படிப் பெருக்குவது என்று கேட்டதும் வகுப்பு சிரித்தது. உங்களைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துவிட்டீர்கள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்.

“வெளிய போய் நில்லு. மைனஸ் மூணு தடவை கூப்பிடுவேன், அப்ப உள்ள வா.”

இந்தத் தடவை வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. மணி அடிக்கும்வரை நீங்கள் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து பள்ளியை விட்டுப் போகும்வரை என் பெயர் ‘மைனஸ் மூணு’. பஸ்ஸில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அதோடு விட்டீர்களா? பத்தாம் வகுப்பு முடிந்து அப்பா உங்களிடம் யோசனை கேட்க வந்தார். வங்கியில் கிளார்க், வாத்தியார் சொன்னால் மறுபேச்சு பேசாதவர். “இவளுக்குக் கணக்கு வராதுங்க. கேள்விதான் வருது” என்றீர்கள். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். ஆனால் என்னைக் காமர்ஸில் சேர்த்துவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் ஒரு பொறியியல் கல்லூரியைத் தாண்டித்தான் பஸ் போகும். அதற்குள் போவேன் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சுவர் வரும்போது தலையைத் திருப்பிக்கொள்ளப் பழகினேன்.

விடையை நானேதான் கண்டுபிடித்தேன். பதினொன்றாம் வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சும்மா எழுதிப் பார்த்தேன். இரண்டின் அடுக்கு மூன்று எட்டு. அடுக்கு இரண்டு நான்கு. அடுக்கு ஒன்று இரண்டு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் பாதியாகிறது. அப்படியானால் அடுத்த படியில் இரண்டில் பாதி, ஒன்று. வேறு எதுவும் வரவே முடியாது. இன்னும் இறங்கினால் அரை, கால், அரைக்கால். மைனஸ் மூன்று என்பது அரைக்கால். பெருக்குவதை நிறுத்திவிட்டு வகுத்துக்கொண்டே போவதுதான் மைனஸ்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை சார். அழுகைதான் வந்தது. மொத்தமே நாலைந்து வரி. அதைச் சொல்ல உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

வணிகக் கணிதம் படித்திருந்ததைக் காட்டிக் கெஞ்சி ஒரு கல்லூரியில் கணக்கில் இடம் வாங்கினேன். மேலே படித்து, மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். நம் பள்ளியில் கணிதத் துறைக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று தெரிந்தபோது, நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்று முதலில் விசாரித்தேன். அதன் பிறகுதான் விண்ணப்பித்தேன். முதல் நாள் நான் ஆசிரியர் அறைக்குள் வந்தபோது எழுந்து நின்று, “வாங்க மேடம்” என்றீர்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

உங்கள் வகுப்பை மேற்பார்வையிட நான் தேர்ந்தெடுத்த நாள் தற்செயலானது இல்லை. அடுக்குகள் பாடம் எப்போது வரும் என்று பார்த்து வைத்திருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, ஏன் சார் ஒண்ணு என்று கேட்டாள். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது ரூல்மா” என்றீர்கள்.

நான் எழுந்து வந்தேன். “சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

நின்றீர்கள். எட்டு, நான்கு, இரண்டு என்று எழுதி, அடுத்து என்ன என்று பிள்ளைகளைக் கேட்டேன். ஒன்று என்று கத்தினார்கள். அதற்கு அடுத்து? அரை என்றார்கள். இது ரூலா, நீங்களே கண்டுபிடித்ததா என்றேன். நாங்களே என்றார்கள். சாக்பீஸை உங்கள் கையில் திருப்பிக் கொடுக்கும்போது, உங்களுக்கு மட்டும் கேட்கும்படி, “மைனஸ் மூணு. நான்தான் சார்” என்றேன். உங்கள் முகம் வெளுத்தது. அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இன்றுவரை அதற்காக வருந்தியதில்லை.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சாயங்காலம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி வந்தீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்பதைப் பல வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்களோ கண்ணெல்லாம் மின்ன வேறு எதையோ பேசினீர்கள்.

“அஞ்சுல போட்டுப் பாத்தேம்மா. நூத்தி இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு, அஞ்சு, ஒண்ணு... அப்படியே கீழ போய்க்கிட்டே இருக்கு. எவ்ளோ போனாலும் ஜீரோவே ஆக மாட்டேங்குது. என்னா அழகு.”

“அன்னைக்கே பாத்திருக்கலாமே சார்.”

“எனக்கு யாரும் காட்டலையேம்மா.”

“நான் கேட்டேனே சார்.”

பஸ் வந்தது, ஏறிப் போனீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது.

நீங்கள் வெட்கப்படுவதைப் பார்க்கக் காத்திருந்தவளுக்கு நீங்கள் பூரித்துப்போனதைக் காட்டினீர்கள். என் கோபம் அன்றுதான் முற்றியது. அந்தப் பூரிப்பு பதிமூன்று வயதில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அதைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, வேலையெல்லாம் முடிந்த வயதில் நீங்கள் அனுபவித்துவிட்டுப் போனீர்கள். மன்னிக்க மாட்டேன் சார்.

அடுத்த வாரம் மறுபடி அந்தப் பாடம். நான் விடையைச் சொல்ல மாட்டேன். யாராவது ஒரு பிள்ளை ‘ஏன்’ என்று எழுந்து நிற்கும்வரை காத்திருப்பேன். அந்தப் பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்காருவேன். உங்கள் மேல் எனக்குள்ள ஆத்திரம் தீராமல் இருக்கிறவரை அந்த வகுப்பு நன்றாக நடக்கும். தீர விடமாட்டேன்.