உட்கார்ந்த வீடு எழுந்தது

அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நல்ல சுகம். உன் இருமல் நின்றதா, அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா என்று முதலில் எழுது.

மண் இறங்கினால் வீடு உட்கார்ந்துவிட்டது என்போமே, அப்படி உட்கார்ந்ததை எழுப்புவதுதான் இங்கே என் வேலை. நேற்று ஒரு டீச்சரம்மா வீடு. அடியில் வெறும் களிமண். ஒரு மூலை அமிழ்ந்துபோய், சமையலறைக் கதவு எத்தனை தடவை சாத்தினாலும் தானாகத் திறந்துகொள்ளுமாம். அஸ்திவாரத்துக்குக் கீழே குழி தோண்டி வரிசையாக ஜாக்கி வைத்தோம். மேஸ்திரி கைகாட்டியதும் எல்லோரும் ஒன்றாக அழுத்தினோம். வீடு முனகியது. என் முதுகில் கொஞ்சம் மண் கொட்டியது, அவ்வளவுதான், பயப்படாதே. பிறகு மலை மாதிரி அந்த வீடு, அலமாரியில் ஒரு டம்ளர்கூட உருளாமல், விரலகலம் மேலே வந்தது!

உள்ளே கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

"யாருங்க உள்ள?" என்று டீச்சரம்மா பதறினார்.

"யாருமில்லம்மா, உங்க வீடுதான் எந்திரிச்சிடுச்சு" என்றார் மேஸ்திரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்னும் அடங்கவில்லை.

நம் வீடும் குட்டையைத் தூர்த்த இடம்தானே. படுக்கையறைச் சுவர் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு வை. கோட்டைத் தாண்டினால் சொல்.

வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். விரிசலைப் போட்டோ எடுத்தும் அனுப்பு. போன தடவை வெறும் சுவரை அனுப்பினாய், அளவே தெரியவில்லை. இந்தத் தடவை பக்கத்தில் நீ நின்றுகொள். சிரித்தால் அளவு ஒன்றும் மாறாது.

உன் வீட்டுக்காரன்