பன்னிரண்டு துடுப்புகள்

1996 நவம்பர் 9, சனி

கடல் அமைதி. கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை என் படகில் தீவுக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் திரும்ப இறக்கிவிட்டேன். அங்கே சிலர் மீன் தராசில் துணித்தொட்டில் கட்டிக் குழந்தைகளை எடை பார்த்தார்கள். மற்றவர்கள் என்னைப் போன்ற கிழங்களைத் தேவாலயத்தில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜூலையில் என் பெயரை எழுதினேன்: எஸ்தாக்யோ. இன்று ஒரு பக்கமே எழுதிக்கொண்டிருக்கிறேன்! யாரும் கையைப் பிடிக்கவில்லை.

நவம்பர் 10

ஹெர்மினியா சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். (அவள் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைவி, எனக்கு வாத்தியார்.) மணிலாவில் மாணவிகளின் சகோதரியர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஊருக்கு உழைப்பதுதான் அதன் வேலை. இங்கே அதற்கு ஒரு கிளை தொடங்கப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும், ஆறு மாத சேவை வேண்டும், கல்லூரி டீனின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துதான் பாக்கி. டிசம்பர் பதினைந்துக்குள் வந்தாக வேண்டும்.

நவம்பர் 16

நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றித் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் படகைக் கரை சேர்த்தார்கள். பாதி தூரம் பாட்டு, பாதி தூரம் திட்டு.

“தாத்தா, இந்த இஞ்சினுக்கு உங்க வயசா?”

“என்னைவிட மூத்தது. மரியாதையாப் பேசு.”

ஆளுக்கொரு துடுப்பு செய்து கொடுத்தால் என்ன?

நவம்பர் 29

முடிந்தது. பன்னிரண்டும் பிள்ளைகளின் கைக்கு அடக்கமாக, லேசாக. அவர்கள் சட்டையில் இருக்கும், சங்கத்தின் பெயரான இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றிலும் பச்சை பெயின்டில் வரைந்தேன். பக்கத்துக் கடையில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த பசிங் எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, எழுதப் படிக்க வந்தவுடனே வெளிநாட்டு எழுத்தா? நம்ம எழுத்து முடிஞ்சிருச்சா?”

பெண்கள் விடுதிக்குள் நான் போகக்கூடாது. சாக்கில் கட்டி வாசல் காவலாளியிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவன் என்னை ஒரு மாதிரி முறைத்தான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 30, சனி

யாரும் வரவில்லை.

டிசம்பர் 1

ஹெர்மினியா தனியாக வந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்றே தெரியவில்லை.

“தாத்தா, காலேஜ்ல சங்கத்து எழுத்துப் போட்ட துடுப்புன்னா எதுக்குத் தெரியுமா? புதுசா சேர்ற பிள்ளைங்களை அடிக்கிறதுக்கு. ராகிங்குக்கு. அதைத் தடுக்கன்னே போன வருஷம் சட்டம் வந்திருக்கு.”

துடுப்பால் பிள்ளைகளை அடிப்பார்களா? என்ன ஜனங்கடா இதுங்க!

காவலாளி கொண்டுபோய்க் கொடுக்க, டீன் பன்னிரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பெற்றோர்களுக்கெல்லாம் போன் போயிற்று. இரண்டு பெண்களை அவர்கள் வீட்டில் சங்கத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். கையெழுத்து கிடையாதாம். எல்லாம் என்னால்தான் — நான் யாரைக் கேட்டு அதைச் செய்தேன்?

“டீனுக்கு உங்க சார்பா நானே கடிதம் எழுதிடறேன்” என்றாள். வேண்டாம் என்றேன். தப்பு என்னுடையது, எழுத்தும் என்னுடையதாக இருக்கட்டும்.

டிசம்பர் 6

டீனுக்குக் கடிதம். ஐந்து நாள் அடித்துத் திருத்தி ஒரு பக்கம். கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தேன். முதுகு வலிக்கிறது.

டிசம்பர் 9

டீன் கூப்பிட்டு அனுப்பினார். பெயர் வில்யாருஸ். குட்டையான அம்மா, பெரிய மேசை. ஹெர்மினியாவையும் நிற்க வைத்திருந்தார். என் கடிதத்தைத் தூக்கிக் காட்டி, “இதை இந்தப் பொண்ணுதானே எழுதிக் கொடுத்தா?” என்றார்.

“இல்லம்மா. நான்தான்.”

“அப்போ இங்கயே எழுதுங்க. எதுக்கு இந்தத் துடுப்பெல்லாம்னு.”

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். ஹெர்மினியா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். முதல் எழுத்திலேயே பென்சில் முனை உடைந்தது. டீன் தன் பேனாவைத் தள்ளினார். எழுதினேன். அவருடைய காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ. எழுதியது இவ்வளவுதான்:

“இஞ்சின் நின்றால் பிள்ளைகள் கரைக்கு வர.”

டீன் வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

“எப்போ கத்துக்கிட்டீங்க?”

“ஜூன்லதாம்மா ஆரம்பிச்சேன். சனிக்கிழமை மட்டும். இந்தப் பிள்ளைங்கதான்.”

“எத்தனை பேரு உங்களை மாதிரி?”

“ஒம்பது பேரு. கிறிஸ்பினுக்கு மட்டும் இன்னும் எழுத்து வரல. அவன் தூங்கிடுவான்.”

டீன் சிரித்துவிட்டார். ஹெர்மினியாதான் அழுதாள்.

டிசம்பர் 13

டீனே போனை எடுத்து அந்த இரண்டு வீட்டாரிடமும் பேசினாராம். மறுபடியும் பன்னிரண்டு. கையெழுத்துப் போட்டாயிற்று! காகிதம் மணிலாவுக்குப் போகிறது. துடுப்புகள் திரும்பி வந்துவிட்டன, ஒரு நிபந்தனையோடு: கல்லூரி வாசலுக்குள் அவை வரக்கூடாது, படகிலேயே இருக்க வேண்டும். வேறெங்கே இருக்கும்?

பசிங் இலவசமாக இரண்டு பழம் கொடுத்தாள். ஒன்று கருகல்.

1997 ஜூலை 5, சனி

ஏழு மாதமாக நோட்டைத் தொடவில்லை. வேலை அப்படி. இப்போது சங்கத்தில் முப்பத்தொரு பேர். ஒரே நடையில் படகு கொள்ளாது.

இரண்டாவது நடைக்குக் காத்திருந்த புதுப்பெண் ஒருத்திக்குப் பக்கத்தில் டீன் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

“எம் பொண்ணு” என்றார். “தண்ணின்னா பயப்படுவா.”

“அம்மா, நீ போம்மா. எல்லாரும் பாக்குறாங்க!”

டீன் போகவில்லை. பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். கரையில் குடை மட்டும் தெரிந்தது. கையை அசைத்தேன். குடை அசைந்தது.