தேனீப் பெட்டிக்கு நல்ல தண்ணீர்

சேசு மரி சூசை துணை

மரக்காணம்
26-8-1975

அன்புள்ள அண்ணன் சேவியர்ராஜுக்கும் அண்ணி திரௌபதிக்கும், அம்மா சொல்லித் தங்கை இன்னாசிமேரி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீங்கள் இருவரும், வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அப்படியே இருக்க அம்மா தினமும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. அண்ணிக்கு ஏழாம் மாதம் என்றும், கீழ்புத்துப்பட்டில் அவர்கள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டதால் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வரலாமா என்று அப்பாவைக் கேட்டு எழுதும்படியும் கேட்டிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். நீ ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து ஒன்றரை வருஷமாக அவர் உன் பேரைச் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். அம்மா இரண்டு தடவை கேட்டபோதும் எழுந்து வெளியே போய்விட்டார். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இன்றைக்கு அம்மா, "எனக்குச் சொல்ல வரல, அழுகைதான் வருது. நீ பாத்தத நீயே எழுதுடி, அடியில எம் பேரப் போடு" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் பேச வராது, எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன இரண்டு தேனீப் பெட்டிகளும் பூவரச மரத்தடியிலேயே இருக்கின்றன. போன வாரம் ஒரு பெட்டியில் ராணி செத்துப்போனது. பெட்டி வாசலில் கிடந்ததை நான் பார்ப்பதற்கு முன்பே உள்ளே அத்தனை ஈயும் ஒரு மாதிரி முனகத் தொடங்கிவிட்டன. யார் போய் ஒவ்வொன்றாகச் சொன்னார்களோ தெரியவில்லை. உன் நோட்டைப் புரட்டினேன். ராணி இல்லாத பெட்டியை மற்றதன் மேல் வைக்கலாம், ஆனால் நேரே வைத்தால் கொன்றுகொள்ளும், நடுவில் செய்தித்தாள் விரித்து ஊசியால் ஓட்டை போட்டுச் சர்க்கரைப் பாகு தடவ வேண்டும், ஓட்டை வழியாக இரை கொடுத்து வாங்கிப் பழகிக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். இப்போது வேப்பம்பூவும் முடிந்துவிட்டது, வெளியே அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் முதலில் பசி தீர்க்கலாம் என்று ரேஷன் சர்க்கரையில் பாகு காய்ச்சிக் கொட்டாங்குச்சியில் வைத்தேன். ஒரு ஈ குடித்துவிட்டு உள்ளே போனது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இன்னொரு ஈ நாக்கை நீட்டிக் கேட்டது, இது வாயைத் திறந்து ஒரு சொட்டு கொடுத்தது. கொடுக்கும்போது இரண்டும் தலையில் இருக்கும் மீசைகளால் ஒன்றையொன்று தடவிக்கொண்டே இருந்தன, கண் தெரியாதவர்கள் முகத்தைத் தொட்டுப் பார்ப்பது போல. ஆனால் வாங்கிய ஈ திரும்பிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. நாலைந்து ஈயிடம் போய்ப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்த ஈ சும்மா நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஈயும் கொட்டாங்குச்சிப் பக்கம் வரவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், இனிப்பாகத்தான் இருந்தது.

அப்பா அளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நீ போனபிறகு அவர் அந்த மரத்தடிக்கே வந்ததில்லை. அன்றைக்கு வந்து பாகைத் தொட்டுப் பார்த்தார். வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "நம்ம கெணத்துத் தண்ணியா ஊத்தின? ஆவணியில அது உப்பாச்சே. நமக்கு நாக்கு செத்துப்போச்சு, அதுங்களுக்குச் சாவல" என்றார். அவ்வளவுதான். குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மாதா கோயில் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார். நம் தெருவில் ஆம்பளை குடம் தூக்கி நீ பார்த்திருக்கிறாயா? எதிர்வீட்டு முத்தம்மாள் விடவில்லை, "என்னாண்ணே, பூச்சிக்குச் சம்பந்தம் பேசப் போறியா, கொடமெல்லாம் தூக்கிக்கினு போற?" என்று கேட்டாள். அப்பா, "ஆமாம், நீதான் வந்து ஆரத்தி எடுக்கணும்" என்றார். அண்ணா, அவர் கேலி பேசி எத்தனை நாளாயிற்று.

அந்தத் தண்ணீரில் புதுப் பாகு காய்ச்சினேன். கொண்டுபோன முதல் ஈயிடம் மூன்று நான்கு சேர்ந்தாற்போல் வாயை நீட்டின. கொடுத்து முடித்ததும் அது ஓட்டமாகத் திரும்பி வந்தது. வேகமாக வாங்கிக்கொண்டால் இன்னும் கொண்டுவா என்று அர்த்தம் போலிருக்கிறது. அப்பாவே செய்தித்தாளை விரித்துப் பிடித்தார், நான் ஊசியால் குத்திப் பாகு தடவினேன், ராணி இல்லாத பெட்டியை இரண்டு பேருமாக மேலே தூக்கி வைத்தோம். மூன்றாம் நாள் வாசலில் காகிதத்தூள் மாவு போலக் கொட்டிக் கிடந்தது. மூடியைத் திறந்தால் எது எந்தப் பெட்டி ஈ என்று சொல்ல முடியவில்லை. ஒரு ஈ கூடச் சாகவில்லை. முனகல் நின்றுவிட்டது. அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணு புத்துப்பட்டுல நல்ல தண்ணி குடிச்சு வளந்தது. நம்ம கெணத்துத் தண்ணி அதுக்கு ஒத்துக்காது. சேவியர்கிட்ட எழுது, தண்ணி நான் கொண்டாந்து வெக்கறேன்னு" என்றார். அம்மா அடுப்படியில் கேட்டுக்கொண்டே இருந்தாள், வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

மாதா பிறந்த நாளுக்குள் வந்துவிடுங்கள் என்று அம்மா சொல்கிறாள். மெட்ராஸில் இறங்கும் தேதியை முன்னாலேயே எழுது, அப்பா சென்ட்ரலுக்கு வருகிறாராம். ரயிலில் அண்ணியைக் கீழ்ப் பலகையில் படுக்க வை, கண்ட இடத்தில் தண்ணீர் வாங்கிக் கொடுக்காதே. அண்ணி, இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதாததற்கு என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், எப்படிக் கூப்பிடுவது என்று கூச்சமாக இருந்தது. உங்கள் மூன்று பேர் தலையிலும் கை வைத்து அம்மா சிலுவை போடுகிறாள்.

நேற்று அப்பா ஒரு புதுப் பானை வாங்கிவந்து அடுப்படி மூலையில் மணல் பரப்பி உட்கார வைத்திருக்கிறார். இப்போதே தினமும் நிரப்புகிறார். எங்களை அதில் மொள்ளவிடுவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா ஆனந்தம்மாள்
(எழுதியது இன்னாசிமேரி)