என் உதட்டை அவள் வரைந்த விதம்

மார்ச் 3, ஞாயிறு
நான்காவது ஞாயிறாகப் படத்துக்கு உட்கார்ந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. குச்சி இன்றுதான் படத்தைத் திருப்பிக் காட்டினாள். பள்ளியில் நான் வைத்த பட்டப்பெயர்; அன்றிலிருந்தே தோழி, மூன்று வருடமாக ஒரே அறை. இப்படியா வரைவாள்? கண், மூக்கு எல்லாம் சரி. உதடு மட்டும் — யாரையோ மட்டம் தட்டப் போகிறவளின் உதடு. மாற்றச் சொன்னேன். "பார்த்ததைத்தான்டி போட்டேன்" என்றாள், தூரிகையைத் துடைத்துக்கொண்டே.

மார்ச் 5
அம்மா வந்திருந்தாள். என் பக்கம் பேசுவாள் என்று நம்பிப் படத்தைக் காட்டினேன். "அப்படியே நீதான்" என்று சிரித்தாள். பெற்றவளே இப்படி.

மார்ச் 9
இளம் ஓவியர் கண்காட்சிக்கு அந்தப் படம் தேர்வாகிவிட்டதாம். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எதிர்க் கட்டடத்தில்தான் மாட்டுவார்களாம். அனுப்பாதே என்று கெஞ்சினேன், கத்தினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வயதுக்குள் என்ன திமிர்! எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடினால் வேறென்ன ஆகும்?

மார்ச் 10, ஞாயிறு
செய்துவிட்டேன். அவள் குளிக்கப் போனபோது டர்பன்டைனில் துணியை நனைத்து அந்த உதட்டை அழித்தேன்.

வந்து பார்த்தாள். திட்டவில்லை. ஈரத் தலையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இனி எதைப் பார்த்துப் போடுவாள் என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் போட்டுவிட்டாள். அதே உதடு, முன்னைவிட உயிரோடு.

"உன் வாய் எனக்கு மனப்பாடம். இனிமே நீ உட்காரவே வேண்டாம்."

உட்காரவே வேண்டாமாம். பாவி.

மார்ச் 12
பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். விட்டது தொல்லை.

ஏப்ரல் 2
கண்காட்சியில் நல்ல கூட்டமாம். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "எதிர்ல இருக்கிற படம் நீங்கதானே?" என்றார். இல்லை என்றேன். நான் இன்னும் போகவில்லை. போகவும் மாட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு
பழைய அறைக்குப் போனேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தலை வாரி, தேய்த்த துணி உடுத்தி, வழக்கம்போலப் பத்து மணிக்கு. கதவு திறந்திருந்தது. வாசலுக்கு நேரே, என் நாற்காலியில், மாடி வீட்டுப் பெண் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். குச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சத்தை மறைக்காத" என்றாள், திரும்பாமல்.

நகர்ந்து நின்றேன்.